இருமல் வராத புரையேற்றம்

புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டுவோம். ஆனால் பக்கவாதம் வந்த சிலருக்கு, உணவு மூச்சுக்குழாய்க்குள் போனாலும் இருமல்கூட வராது. அது நிமோனியாவில் போய் முடியலாம். இதைக் கண்டறிய, பேரியம் கலந்த உணவை விழுங்கச் சொல்லி எக்ஸ்ரே வீடியோ எடுப்பது வழக்கம். அதில் கதிர்வீச்சு உண்டு, எல்லா ஊரிலும் அந்த வசதியும் இல்லை.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கழுத்தின் முன்பக்கம் சிறு அதிர்வு உணரியையும் மைக்கையும் ஒட்டினார்கள். விழுங்கும்போது எழும் அதிர்வையும் ஓசையையும், அதே நேரத்தில் எடுத்த எக்ஸ்ரே வீடியோவோடு பொருத்திக் கணினியைப் பழக்கினார்கள். நாக்கின் அடியிலுள்ள எலும்பு எப்படி நகர்கிறது என்பதைக்கூட, அதிர்வை வைத்தே கணினி கணிக்கிறது! எக்ஸ்ரேக்கு இது முழு மாற்று அல்ல. ஆனால், யாருக்கு அந்தப் பரிசோதனை அவசரம் என்று படுக்கையருகிலேயே பிரித்தறிய உதவலாம்.