பீடிங் மினுக்குது, கிளிப் மட்டும் ஏன் பொடியாகுது?

சேலத்திலிருந்து நாமக்கல் போகிற 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இருக்கிறது புதுச்சத்திரம். லாரிக்கு பாடி கட்டுவதில் பேர்போன வட்டாரம். போல்ட்டு, நட்டு, வாஷருக்கு இங்கே பஞ்சமே கிடையாது. ஆனாலும் பழைய கார் ஒன்று பம்பர் வேலைக்கு வந்து நின்றால், லாரிக்கே பாடி கட்டுகிறவர்கூடக் கொஞ்சம் நிதானித்துத்தான் ஸ்பேனரைக் கையில் எடுப்பார்.

பழைய கார்களின் பம்பர் இரும்புத் தகடு. மேலே குரோம் முலாம். சிலவற்றில் அதன் மேல் நீளவாக்கில் ஒரு மெல்லிய ஸ்டெயின்லெஸ் பட்டையும் ஓடும். அதற்குப் பட்டறையில் பீடிங் என்று பேர். பீடிங்கைப் பின்னாலிருந்து பிடித்திருப்பவை சின்னச் சின்ன இரும்பு கிளிப்புகள். முப்பது நாற்பது வருஷம் கழித்துக் கழற்றிப் பார்த்தால் பீடிங் புதுசு போல இருக்கும். கிளிப்பைத் தொட்டாலே பழுப்புப் பொடியாக உதிரும். இரண்டும் நனைந்தது ஒரே மழையில்தானே? அப்புறம் ஏன் இப்படி?

ஒவ்வோர் உலோகத்துக்கும் ஒரு குணம் உண்டு. சில உலோகங்கள் தம்மிடமுள்ள எலக்ட்ரான்களைச் சுலபமாகக் கொடுத்துவிடும். துத்தநாகம் தாராளமாகக் கொடுக்கும். இரும்பு அதற்கு அடுத்தபடி. நிக்கல், செம்பு எல்லாம் கொஞ்சம் கெட்டி. ஸ்டெயின்லெஸ் இன்னும் கெட்டி, ஏனென்றால் அதிலுள்ள குரோமியம் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே ஒரு படலம் போட்டுக்கொள்கிறது. சில நானோமீட்டர்தான் அதன் கனம். கீறினால் தானே மறுபடி வளர்ந்துவிடும்.

இரும்பும் ஸ்டெயின்லெஸ்ஸும் ஒட்டி நிற்க, இடையில் உப்பு கலந்த ஈரம் புகுந்தால், அங்கே நிஜமாகவே ஒரு குட்டி பேட்டரி உருவாகிவிடும். இரும்பிலிருந்து எலக்ட்ரான் ஸ்டெயின்லெஸ்ஸுக்கு ஓடும். எலக்ட்ரானை இழந்த இரும்பு அணுக்கள் ஈரத்தில் கரைந்து, பிறகு துருவாக மாறும்.

வினை எங்கே இருக்கிறதென்றால், அளவில். ஸ்டெயின்லெஸ் பரப்பில் எலக்ட்ரானை வாங்கிக்கொள்வது ஈரத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜன். பரப்பு பெரிசாக இருந்தால் வாங்குகிற இடமும் அதிகம். பீடிங்கோ ஒரு முழத்துக்கு மேல் நீளம். கிளிப்போ விரல் நகம் அளவு. அவ்வளவு பெரிய பரப்பு கேட்பதையெல்லாம் இந்தத் துண்டு இரும்பு கொடுத்தாக வேண்டும். தாங்குமா? இதையே திருப்பி, பெரிய இரும்புத் தகட்டில் ஒரு சின்ன ஸ்டெயின்லெஸ் போல்ட்டை மாட்டினால் அவ்வளவு மோசமில்லை. கேட்கிறவன் சின்னவன், கொடுக்கிறவன் பெரியவன்.

வீட்டிலேயே பார்க்கலாம். மூன்று இரும்பு ஆணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைச் சும்மா விடுங்கள். இன்னொன்றில் செம்புக் கம்பியை இறுக்கிச் சுற்றுங்கள். மூன்றாவதில் துத்தநாக முலாம் பூசிய கட்டுக் கம்பியை, அதாவது ஜி.ஐ. கம்பியைச் சுற்றுங்கள். மூன்றையும் தனித்தனி டம்ளரில் உப்புத் தண்ணீரில் போட்டுச் சில நாள் விட்டுவிடுங்கள். எது வேகமாகத் துருப்பிடிக்கிறது, எது தப்பிக்கிறது, ஏன் என்று இதுவரை படித்ததை வைத்து முன்கூட்டியே எழுதி வையுங்கள். பிறகு டம்ளரைப் பாருங்கள்.

குரோமியம் என்றதும் ஏதோ சீமைச் சரக்கு என்று நினைக்காதீர்கள். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறைகளுக்கு நடுவே குரோமியக் கனிமமான குரோமைட் அடுக்குகள் உண்டு. சேலம் உருக்காலையோ 1980களின் தொடக்கத்திலிருந்து ஸ்டெயின்லெஸ் தகடு உருட்டி வருகிறது. சரி, கிளிப்புக்கு வருவோம்.

கிளிப் ஒரு வில். ஓட்டைக்குள் அமுக்கும்போது மடங்கும்; உள்ளே போனதும் பழையபடி விரியப் பார்க்கும். அந்த விரிகிற விசைதான் பீடிங்கைப் பிடித்திருக்கிறது. தகட்டு வில்லின் விறைப்பு, கனத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். துரு தின்று கனம் பாதியானால் பிடி பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகிவிடும். கிளிப் முழுசாக உதிரும் முன்பே பீடிங் ஒரு பக்கம் தொங்க ஆரம்பிப்பது இதனால்தான்.

பம்பரைத் தாங்கும் போல்ட்டுகளின் சங்கதி வேறு. அங்கே துரு பிடியை விடாது, இறுக்கிவிடும். இரும்பு துருவாகும்போது இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். மரைகளின் சந்தில் அவ்வளவு இடம் ஏது? நட்டு அப்படியே பூட்டிக்கொள்ளும். "வலுக்கட்டாயமா திருகாத கண்ணு, தலை முறிஞ்சு போயிரும்" என்று பட்டறை அண்ணன் சொல்வார். முதலில் கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்த்துவிட்டு, துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊற வைப்பார். எண்ணெய் எவ்வளவு நீர்த்திருக்கிறதோ அவ்வளவு நல்லது, நுண்சந்துகளில் தானே ஏறிப் போகும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இந்த நுண்புழை ஏற்றத்தால்தான். பிறகு நட்டின் பக்கவாட்டில் சுத்தியலால் லேசாகத் தட்டுவார். துரு நொறுங்கும் பொருள், அதிர்ச்சியில் விரிசல் விடும். அடுத்து அவர் செய்வதைக் கவனியுங்கள்: எடுத்தவுடனே கழற்றும் திசையில் திருக மாட்டார். ஒரு நூல் இறுக்கி, அப்புறம் தளர்த்துவார். முன்னும் பின்னும் ஆடும்போது துரு பொடிந்து வெளியே வரும்.

பழைய பம்பர்களில் சில போல்ட்டின் தலை வழவழவென்று வட்டமாக இருக்கும், ஸ்பேனர் நிற்காது. முன்பக்கம் அழகாக இருக்கட்டும் என்றுதான். அப்படியானால் நட்டைத் திருகும்போது போல்ட்டும் சேர்ந்து சுற்றாதா? தலைக்குக் கீழே கழுத்து சதுரம், தகட்டின் ஓட்டையும் சதுரம். சுற்ற வழியில்லை.

புது போல்ட்டு வாங்கும்போதுதான் பலர் ஏமாறுவார்கள். பழைய கார்கள் பலவற்றில் அங்குல மரை. 5/16 அங்குலம் என்றால் 7.94 மில்லிமீட்டர். கடையில் கிடைக்கிற 8 மில்லிமீட்டர் போல்ட்டும் கண்ணுக்கு அதேதான். ஆனால் அங்குல நுண்மரையில் ஓர் அங்குலத்துக்கு 24 மரை, அதாவது ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் 1.06 மில்லிமீட்டர் இடைவெளி. சாதாரண 8 மில்லிமீட்டர் போல்ட்டிலோ 1.25. ஒரு சுற்று, இரண்டு சுற்று ஏறும். பிறகு முரண்டு பிடிக்கும். அங்கே பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். கையால் திருகியே நாலைந்து சுற்று ஏறினால்தான் அது சரியான ஜோடி.

கிளிப்புக்கு ஸ்டெயின்லெஸ்ஸே வாங்குவது நல்லது. பீடிங்கும் கிளிப்பும் ஒரே இனமானால் பேட்டரி எங்கிருந்து வரும்? பம்பர் தகட்டைத் தொடும் இடத்தில் ஒரு ரப்பர் வாஷரும், கொஞ்சம் கிரீஸும் போதும்; ஈரம் நுழையாது. நைலான் கிளிப் துருப்பிடிக்காதுதான், ஆனால் நம் ஊர் வெயிலில் நாளாவட்டத்தில் நொறுங்கும். மாட்டும்போது எல்லா போல்ட்டையும் முதலில் கையாலேயே ஏற்றி விட்டு, எதிரே நாலடி தள்ளி நின்று பம்பர் கோணலா நேரா என்று பார்த்த பிறகுதான் ஸ்பேனர் போட வேண்டும்.