மனக்காயம் ஆற்றும் இரு வழிகள்

உடலில் பட்ட காயத்திற்கு மருந்து இடுகிறோம். மனத்தில் பட்ட காயத்தை எவ்வாறு ஆற்றுவது? மக்கள் இதற்குப் பல வழிகளைக் கண்டுள்ளனர். அவற்றுள் இரண்டைக் காண்போம்.

முதலாவது, மூச்சைக் கவனிக்கும் தியானம். இந்தியாவில் தோன்றிய பௌத்தம் இதனைப் போற்றி வளர்த்தது. 1979ஆம் ஆண்டில் ஜான் கபட்-ஜின் என்னும் அறிஞர், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் இதனை நோயாளிகளுக்கு உரிய பயிற்சியாக அமைத்தார். அமைதியாக அமர்ந்து மூச்சைக் கவனிக்க வேண்டும். மனம் அலைந்தால், தன்னைக் கடிந்துகொள்ளாமல் மீண்டும் மூச்சுக்குத் திரும்ப வேண்டும். மன அழுத்தம் குறைய இஃது உதவும்.

இரண்டாவது, கூடிச் செய்யும் சடங்கு. கனடாவில் ஏறத்தாழ 1,50,000 பழங்குடிக் குழந்தைகள் பெற்றோரைப் பிரிந்து உறைவிடப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டனர். அங்குத் தாய்மொழியில் பேசியோர் தண்டிக்கப்பட்டனர். பழங்குடியினரின் சடங்குகள் சிலவற்றிற்கு 1951 வரை சட்டத் தடையும் இருந்தது. அக்காயத்தோடு வளர்ந்தவர்களுள் பலர் இன்று நீராவிக் குடிலில் ஆறுதல் காண்கின்றனர். வளைத்த மரக்கிளைகளால் அமைந்த அக்குடிலில், சூடேற்றிய கற்களின்மீது நீர் ஊற்றுவர். இருளில், ஆவியின் நடுவே, மூத்தோர் வழிநடத்த, அனைவரும் பாடி வேண்டுவர். அன்று தடுக்கப்பட்ட மொழி அங்கு மீண்டும் ஒலிக்கிறது.

தியானம் தன்னைத் தானே கவனிக்கக் கற்பிக்கிறது. சடங்கு, எவரும் தனியர் அல்லர் என உணர்த்துகிறது. இவை மருத்துவத்திற்கு மாற்று அல்ல, துணை. இழந்த மொழியும் உறவும் மீண்டும் கிடைப்பதும் ஒரு மருந்தே.