ஆறு குதிரைகள் ஒரு பிளக்குக்குள் நுழையுமா?

படிவம் ஐந்து இயற்பியல் வகுப்பில் மின்திறன் பாடம் முடிந்த மறுநாள், மாணவி ஒருத்தி விளம்பரத் தாள் ஒன்றை நீட்டினாள். “டீச்சர், அப்பா வீட்டுக்கு ட்ரெட்மில் வாங்கப் போறாரு. 6 குதிரைத்திறன் மோட்டாராம். நல்லதா?”

நல்லதா என்பதற்கு முன், முடியுமா என்று பார்ப்போம். நம் வீட்டு மூன்று முனை பிளக்கில் இருக்கும் ஃபியூஸ் 13 ஆம்பியர். மின்னழுத்தம் 230 வோல்ட். பெருக்கினால் 2,990 வாட். ஒரு குதிரைத்திறன் 746 வாட். வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 4தான் வரும். அதிலும் ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடும். அப்படியானால் அந்த 6? மோட்டார் சில கணங்கள் மட்டும் தொடக்கூடிய உச்சத் திறன் அது. ஓடுபவருக்கு வேண்டியது தொடர் திறன். தாளில் தேடினோம். அடியில், எறும்பு எழுத்தில், 2.5 என்று இருந்தது. நடக்கவும் மெதுவாக ஓடவும் அது போதும். ஆனால் அதை ஏன் ஒளிக்க வேண்டும்?

பின் வரிசையிலிருந்து அடுத்த கேள்வி: “இருந்த இடத்துலேயே ஓடுறோம். இடப்பெயர்ச்சி சுழியம். அப்ப வேலையும் சுழியம்தானே?” குறும்புதான், ஆனால் நல்ல கேள்வி. சாலையில் சீரான வேகத்தில் ஓடினாலும் நிகர விசை சுழியம்தான்! ஒவ்வோர் அடியிலும் உடலைத் தூக்கி இறக்குவதும், கால்களை வீசி நிறுத்துவதும்தான் ஆற்றலைத் தின்கின்றன. பட்டையின் மேலும் அதே கதை. குறைவது காற்றுத் தடை மட்டும். வேகமாக ஓடுவோருக்கு 1 விழுக்காடு சாய்வு வைத்தால் அது ஈடாகும் என்று ஜோன்ஸ், டௌஸ்ட் இருவரும் 1996இல் அளந்து காட்டினார்கள். நடப்பவர்கள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மின்விசிறியைத்தான் மறக்கக் கூடாது. நம் ஊர்ப் புழுக்கத்தில், எதிர்க்காற்று இல்லாமல் வியர்வை எளிதில் ஆவியாகாது.

திரையில் காட்டும் கலோரி? பொறிக்குத் தெரிந்தது பட்டையின் வேகம், சாய்வு, நீங்கள் தட்டிய உடல் எடை, அவ்வளவே. கைப்பிடியில் சாய்ந்து தொங்கினாலும் அது அதே கணக்கைத்தான் சொல்லும்.

நான் அந்த மாணவியிடம் கேட்டது வேறு: “வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கா?”

“தம்பி. நாலு வயசு.”

மணிக்கு 8 கிலோமீட்டர் என்பது நமக்கு மெதுவான ஓட்டம். ஆனால் பட்டை நொடிக்கு 2.2 மீட்டர் போகிறது. அதில் ஒரு குழந்தையின் உள்ளங்கை பட்டால், உராய்வு வெப்பம் தோலைச் சுட்டுவிடும். பின் உருளையின் இடைவெளி இன்னும் ஆபத்து. பட்டை கையை உள்ளே இழுக்கும். 2021 மே மாதம் அமெரிக்காவில் பெலட்டன் நிறுவனம் தன் ‘ட்ரெட் பிளஸ்’ பொறிகள் ஏறத்தாழ 125,000ஐத் திரும்பப் பெற்றது. பொறியின் பின்புறம் பிள்ளைகளை உள்ளிழுத்த சம்பவங்கள் பதிவாகியிருந்தன. ஒரு குழந்தை இறந்தும் போனது.

ஆகவே பொறியின் முதுகைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். விழுபவர் பட்டைக்கும் சுவருக்கும் நடுவே சிக்கிக்கொள்வார். பின்னால் 2 மீட்டராவது காலியாக இருக்கட்டும். பாதுகாப்புச் சாவியின் கயிற்றைச் சட்டையில் மாட்டிக்கொள்ளுங்கள். தடுமாறிப் பின்னால் போனால் சாவி கழன்று மோட்டார் நின்றுவிடும். ஓடி முடித்ததும் அந்தச் சாவியைக் கழற்றி எடுத்துவிடுங்கள். பலர் இதைச் செய்வதில்லை.

இரண்டு வாரம் கழித்து அவளிடம் கேட்டேன். அப்பா 6 குதிரையை விட்டுவிட்டு வேறொன்று வாங்கிவிட்டாராம். சாவி, அம்மாவின் நகைப் பெட்டிக்குள் இருக்கிறதாம்.