பழைய கணினியும் புதிய பழியும்

பாவில் இழை அறுந்தால் தறியைப் பிரித்துப் போடும் நெசவாளர் எவருமில்லை. பம்பு செட்டு ஓடாவிடின் உழவர் முதலில் பியூஸ் கட்டையைப் பார்க்கிறார். உடனே மோட்டாரை விற்றுவிடுவதில்லை. ஆனால் கணினி என்று வந்துவிட்டால் நம் அங்கத்தினர்களிற் பலர் இந்த நல்வழக்கத்தை மறந்துவிடுகின்றனர். இதனால் விளையும் தீங்கு எத்தகையது என்பதை அண்மையில் நேரிற் கண்டோம்.

கொங்கு நாட்டுக் கைத்தறி நெசவாளர் சங்கம் ஒன்று, கூலிப் பட்டியலும் நூல் இருப்புக் கணக்கும் தயாரிப்பதற்கெனப் பழைய கணினி ஒன்றை 11,000 ரூபாய்க்கு வாங்கிற்று. 15 நாட்களுக்குள் குறை கண்டால் மாற்றித் தருவதாக விற்றவர் ரசீதிலேயே எழுதிக் கொடுத்திருந்தார். அதில் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவ முயன்றபோது தொல்லை தொடங்கிற்று. இயங்குதளமாவது, கணினியின் உறுப்புகளை எல்லாம் ஏவி வேலை வாங்கும் அடிப்படை மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ் என்பன அவ்வகையின. நிறுவும் வேலை ஒரு நாளும் முற்றுப்பெறவில்லை. "காரியதரிசி காயலான் கடைச் சரக்கை வாங்கிவிட்டார்; கமிஷன் கைமாறியிருக்கும்" என்ற பேச்சு எழுந்தது. சிலர் கையொப்பமிட்டு மனுவும் அனுப்பினர். நாம் விசாரணைக்குச் சென்றது 12ஆம் நாள்.

உண்மையை மறைப்பானேன்? பேருந்தில் செல்லும்போதே, "இச்செலவு ஆட்சேபத்திற்குரியது" என்று அறிக்கையின் முதல் வாசகத்தை நாம் மனத்துள் எழுதிவிட்டோம். சங்கத் திண்ணையில் அமர்ந்திருந்த முதிய நெசவாளர் ஒருவர்தாம் நம்மைத் தடுத்தாட்கொண்டார். "இழை எங்கே அறுந்துதுன்னு பாக்காம தறியைக் கொறை சொல்லலாமுங்களா?" என்றார் அவர். நாம் குறிப்பேட்டை மூடிவிட்டுக் கணினியின் முன் அமர்ந்தோம்.

முதலில், நடந்தவற்றை வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டோம். காரியதரிசி விண்டோஸ் 11 நிறுவ முயன்றார். தேவையான தகுதி இக்கணினிக்கு இல்லை என்று திரையில் செய்தி வந்தது. பின்னர் அங்கத்தினர் ஒருவரின் மகன் லினக்ஸ் நிறுவ முயன்றார். சில வேளை பென் டிரைவையே கணினி கண்டுகொள்ளவில்லை. கண்டுகொண்ட வேளையில் பாதியில் நின்றுபோயிற்று. ஒரே நோய் என்று எல்லோரும் எண்ணியது உண்மையில் மூன்று நோய்கள்.

முதலாவது, பழுதே அன்று. விண்டோஸ் 11 இயங்குவதற்கு 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி சேமிப்பிடமும் இருந்தால் மட்டும் போதாது, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பும் வேண்டும். இன்டெல் செயலியாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருத்தல் வேண்டும். சங்கம் வாங்கியது ஆறாம் தலைமுறைக் கணினி. விண்டோஸ் 10க்கு அளிக்கப்பட்டுவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. இத்தகைய கணினிகளை வாங்குவோர் இதனை அறிந்தே வாங்குதல் வேண்டும். தகுதிச் சோதனையைத் தாண்டிச் செல்லும் குறுக்கு வழிகள் உண்டெனினும், பொதுப்பணத்தின் கணக்கை அவற்றை நம்பி வைப்பது முறையன்று.

இரண்டாவது, மிகச் சிறியது. கணினியின் கடிகாரம் பல ஆண்டுகளுக்கு முந்திய தேதியைக் காட்டிற்று. தாய்ப்பலகையில் நாணயம் போன்ற 3 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு. சிஆர்2032 என்பது அதன் பெயர். அது தீர்ந்துவிட்டால், மின்சாரம் நிற்குந்தோறும் கடிகாரம் பின்னே செல்லும். பல கணினிகளில் தொடக்க அமைப்புகளும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பென் டிரைவிலிருந்து தொடங்குக என்று அவ்விளைஞர் மாலையில் அமைத்த கட்டளை, மறுநாள் காலையில் மறைந்துபோனதன் காரணம் இதுவே. தேதி தவறாயிருப்பின் இணையத்திலிருந்து மென்பொருளைப் பெறுவதும் தடைப்படும். கடைத்தெருவிற் புதிய பேட்டரி வாங்கி மாற்றினோம்.

மூன்றாவதுதான் உண்மையான பழுது. இங்கே நாம் கேட்ட கேள்வி ஒன்றே: "நின்றது ஒரே இடத்திலா, வெவ்வேறு இடங்களிலா?" எப்பொழுதும் ஒரே இடத்தில் நின்றால், பென் டிரைவில் எழுதிய கோப்பின் மீதோ வட்டின் மீதோ ஐயம் கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் நினைவகமோ வெப்பமோ காரணமாகலாம். "ஒவ்வொரு தடவையும் வேற வேற எடத்துலதானுங்க சார்" என்றார் அவ்விளைஞர்.

மூடியைத் திறந்து விசிறியில் படிந்திருந்த பஞ்சுத் தூசியை நீக்கினோம். நெசவுக் கூடத்தை அடுத்த அறையில் தூசிக்குப் பஞ்சமில்லை. ஆயினும் குறை தீரவில்லை. உள்ளே 4 ஜிபி நினைவகப் பலகைகள் இரண்டு இருந்தன. மெம்டெஸ்ட் என்னும் சோதனை மென்பொருளைக் கொண்டு அவற்றை ஒவ்வொன்றாக, ஒரே பொருத்துவாயில் வைத்துச் சோதித்தோம். இடத்தை மாற்றாமல் பலகையை மட்டும் மாற்றினால்தான் குற்றம் எதனுடையது என்பது தெளிவாகும். ஒன்று குறையின்றித் தேறிற்று. மற்றொன்றில் சிவப்பு வரிகள் திரையை நிரப்பின. அறுந்த இழை அகப்பட்டுவிட்டது.

நல்ல பலகையை மட்டும் வைத்து லினக்ஸ் மின்ட் நிறுவினோம். அதற்குக் குறைந்த அளவு 2 ஜிபி போதும். 4 ஜிபி இருப்பின் தாராளம். மாலைத் தேநீர் வருவதற்குள் வேலை முற்றுப்பெற்றது. மறுநாளே, தவணைக்கு 2 நாட்கள் எஞ்சியிருக்கையில், விற்றவர் பழுதுபட்ட பலகையை மாற்றித் தந்தார். சங்கத்தின் பட்டியல்கள் லிப்ரே ஆபீஸில் அடங்கக் கூடியவை. ஆகவே லினக்ஸ் பொருந்திற்று. விண்டோஸில் மட்டுமே இயங்கும் கணக்கு மென்பொருளைக் கையாளும் சங்கங்களுக்கு இது பொருந்தாது.

பிற சங்கத்தாரும் கருத்திற் கொள்ளத்தக்கன சில உள.

1. பழைய கணினியில் வேண்டிய கோப்புகள் இருப்பின், எதையும் தொடுமுன் அவற்றை வேறிடத்தில் பிரதி எடுத்து, திறந்தும் பார்த்துவிடுக. நிறுவும்போது வட்டு அழிக்கப்பட்டால் மீட்பது அரிது.

2. இணையத்திலிருந்து பெற்ற இயங்குதளக் கோப்பைப் பென் டிரைவில் வெறுமனே பிரதி செய்தால் கணினி அதிலிருந்து தொடங்காது. ரூபஸ் போன்ற கருவியைக் கொண்டு எழுதுதல் வேண்டும். எழுதுமுன் கோப்பின் சரிபார்ப்பு எண்ணை, வெளியிட்டோர் தந்த எண்ணுடன் ஒப்பிடுக. பென் டிரைவில் முன்பிருந்தவை அனைத்தும் அழிந்துவிடும்.

3. வட்டு ஜிபிடி வகையைச் சார்ந்தது, இதில் நிறுவ இயலாது என்று விண்டோஸ் கூறினால், வட்டை அழிக்க விரையற்க. பென் டிரைவைப் பழைய பயாஸ் முறையில் தொடங்கியிருப்பதே பெரும்பாலும் காரணம். யூஇஎப்ஐ முறையில் மீண்டும் தொடங்கிப் பார்க்க.

4. தொடக்க அமைப்புகளுக்குக் கடவுச்சொற்பூட்டு உண்டா, முந்திய நிறுவனத்தின் பூட்டு எஞ்சியுள்ளதா என்பதைக் கடையிலேயே சோதித்து, தவணையை எழுத்தில் பெறுக.

5. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக. மாற்றியதையும் விளைவையும் எழுதி வைக்க. மூன்றை ஒருங்கே மாற்றினால், குணமான பின்னரும் நோய் இன்னதென்று அறிய முடியாது.

6. கணினி ஒரு மாதமேனும் பிழையின்றி இயங்கும்வரை கைப்பேரேட்டை நிறுத்தற்க. இச்சங்கத்தில் கணக்கர் அதனை நிறுத்தவில்லை. எனவே அந்த 12 நாட்களிலும் நெசவாளர் ஒருவரது கூலியும் தாமதப்படவில்லை.

நமது அறிக்கையில் காரியதரிசி மீது ஒரு குறை எழுதினோம்: செயலியின் தலைமுறையை விசாரியாமல் வாங்கியது தவறு. ஒரு நிறையும் எழுதினோம்: மாற்றித் தரும் தவணையை ரசீதில் எழுதி வாங்கியது விவேகம். கமிஷன் பெற்றார் என்பதற்கு ஆதாரம் ஏதுமில்லை என்றும் எழுதினோம். அதனை நிர்வாகக் குழுவின் முன் வாசித்தபோது, மனுவில் முதற்கையொப்பம் இட்டவர் எழுந்து, "இத மொதல்லயே பாத்திருக்கலாமுங்க" என்று சொல்லி அமர்ந்தார். காரியதரிசி மறுமொழி கூறவில்லை. அன்றைய கூலிப் பட்டியலைக் கணினியில் அச்சிட்டு, பேரேட்டோடு ஒப்பிடுமாறு கணக்கரிடம் கொடுத்தார்.