வெள்ளம் வடிந்தபின் நம் கடமை

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் கடலோரத்தோடு நின்றுவிடவில்லை. கல்வராயன் மலைநீரால் கோமுகி, மணிமுக்தா ஆறுகள் பெருகின. சாத்தனூர் அணையினின்று விநாடிக்குச் சுமார் 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்படவே, தென்பெண்ணை கரைபுரண்டது.

இத்தகைய வெள்ளத்திற்குப்பின் நாம் செய்யவேண்டுவன மூன்று. வயலில் நீர் தேங்கின் வேர் மூச்சின்றி அழுகும். ஆதலால் உடனே வடிகால் வெட்டுதல் வேண்டும். குடிநீர்க் கிணறுகளுக்குப் பிளீச்சிங் பவுடர் இடுதல் வேண்டும். பயிர்ச்சேதம் 33 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால்தான் நிவாரணம் உண்டு. ஆகவே கணக்கெடுப்பு முடியுமுன் சேதமுற்ற பயிரை உழுதுவிடலாகாது.

பட்டா ஒருவர் பெயரிலும் உழைப்பு வேறொருவருடையதாகவும் இருக்கும் நிலங்கள் பல. குத்தகைதாரரின் இழப்பு விடுபடாமல் உடனிருந்து காட்டுவது பஞ்சாயத்து அங்கத்தினரின் பொறுப்பாகும்.