ஓடக்காரியின் மணிமுடி எங்கே?

முரசு முழங்கிற்று! மூலைக்கு மூலை சுவரொட்டி! "பொன்னியின் செல்வன் வருகிறான்" என்று ஏடுகள் பாடின. தொலைக்காட்சிகள் பண் இசைத்தன. 1958இல் எம்.ஜி.ஆர். எடுக்க முனைந்தும் கைகூடாத கதை அது. மணிரத்னம் எடுத்து முடித்தார். 2022 செப்டம்பர் 30இல் முதல் பாகம், 2023 ஏப்ரல் 28இல் இரண்டாம் பாகம். வைத்திக்குப்பத்துக் கடலோரத் தோழர்களோடு நாமும் போய் அமர்ந்தோம்.

கப்பல் கண்டோம், களம் கண்டோம், கண்ணைப் பறிக்கும் அணிமணி கண்டோம். ஆனால், எதைக் காணப் போனோமோ அதைக் காணவில்லை!

எதை? பூங்குழலியை!

1950 முதல் 1954 வரை கல்கி வார ஏட்டில் வளர்ந்த அந்த நாவலில், கோடிக்கரை ஓடக்காரி பூங்குழலி வெறும் அழகுப் பதுமையா? இல்லை. நள்ளிரவில் துடுப்புப் போட்டு வந்தியத்தேவனை ஈழக்கரை சேர்த்தவள் அவள். புயலில் சிக்கிய இளவரசனைக் கடலிலிருந்து மீட்டவள் அவள். காய்ச்சலில் துவண்ட அவனைப் படகிலேற்றி நாகைச் சூடாமணி விகாரத்துக்குக் கொண்டு சென்றவள் அவள். உடன் சென்றவன் யார்? தஞ்சையில் பூமாலை தொடுத்துப் பிழைத்த சேந்தன் அமுதன்.

முடிவில் கல்கி என்ன செய்தார்? அந்தப் பூமாலைக்காரனே உண்மையான மதுராந்தகன் என்று முடிச்சை அவிழ்த்தார். அருள்மொழி தனக்கு வந்த முடியை எடுத்து அவன் தலையில் சூட்டினான். அவனை மணந்த ஓடக்காரி சோழநாட்டின் அரசியானாள்! ஐந்து பாகம் படித்தவன் நெஞ்சம் நிமிரும் இடம் அது.

படத்தில்? அரண்மனையில் வளர்ந்த மதுராந்தகனுக்கே முடி! சேந்தன் அமுதனின் பிறப்பு மர்மம் போயிற்று. பூங்குழலிக்கு ஒரு பாட்டும் சில காட்சிகளும் மிச்சம், அரியணை இல்லை.

"ஐந்து பாகத்தை ஐந்தரை மணி நேரத்தில் அடக்க வேண்டாமா?" என்பர் சிலர். அடக்கட்டும்! சுருக்கியதற்காக நாம் சினக்கவில்லை. மணிமேகலை என்ற பாத்திரமே இல்லாமற்போனதையும் பொறுத்தோம். "உத்தம சோழன் வரலாற்று மன்னன், ஓடக்காரி கற்பனை" என்பர் வேறு சிலர். நந்தினி மட்டும் கல்வெட்டிலிருந்தா எழுந்து வந்தாள்? அந்தக் கற்பனைக்கு அத்தனை இடம். இந்தக் கற்பனைக்கு இடமில்லையா? "சேந்தன் அமுதனும் அரச குலந்தானே" என்று மடக்குவோரும் உண்டு. உண்மைதான். ஆனால் பூங்குழலி? அவள் பிறந்ததும் கடற்கரை, வளர்ந்ததும் கடற்கரை!

சுருக்கியும் உயிர் காக்க முடியும். பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் யூகோவின் பெருநாவலைப் புதுவையில் பல்லாண்டு வாழ்ந்த சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' எனத் தமிழாக்கினார். 1950இல் கே. ராம்நாத் அதைப் படமாக்கினார். நாவலில் எத்தனையோ பக்கங்கள் விடுபட்டிருக்கலாம். ஆயினும் சிறை மீண்ட ஏழை, நாகையாவின் உருவில், கதையின் நாயகனாகவே நின்றான். அவன் இடத்தை எந்தச் சீமானுக்கும் தூக்கிக் கொடுக்கவில்லை.

மாசி மகத்தன்று மயிலத்து முருகனே வைத்திக்குப்பத்துக் கடற்கரைக்கு இறங்கி வருகிறார். வெள்ளித்திரைச் சோழநாடோ கடற்கரைப் பெண்ணைக் கரையிலேயே நிறுத்திவிட்டுக் கோட்டைக் கதவைச் சாத்திக்கொண்டது!

வெட்டியவர் வேண்டுமென்றே வெட்டினார் என்று நாம் குற்றம் சாட்டவில்லை. இடம் போதாதபோது யாருடைய பங்கு முதலில் பறிபோகிறது என்பதைத்தான் சுட்டிக்காட்டுகிறோம். கூலியிலும் அப்படி, குடிநீரிலும் அப்படி, கதையிலும் அப்படியா?

தோழர்களே! கல்கியின் நூல்கள் இன்று நாட்டுடைமை, மலிவாகக் கிடைக்கின்றன. 1827இல் பிறந்த நம் ரோமன் ரோலண்ட் நூலகமும் கூப்பிடு தூரத்தில் நிற்கிறது. மாலை வேளையில் வலை பின்னும் இடத்தில் ஒருவர் படிக்க, பலர் கேட்கட்டும். ஐந்தாம் பாகம் வரை விடாமல் படியுங்கள். ஓடக்காரியின் மணிமுடி அங்கே பத்திரமாக இருக்கிறது. நம் பெண்பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள்!