பெட்டிக்குள் ஒரு விமானம்

பிளாஸ்டிக் மாதிரி விமானத் தொகுப்பு ஒன்றைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? உள்ளே சாம்பல் நிறச் சட்டம் ஒன்று இருக்கும். இறக்கை, வால், சக்கரம், விமானி எனப் பல துண்டுகள், கொடியில் காய்கள் போல அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை வெட்டியெடுத்துப் பசையிட்டு ஒட்டினால் விமானம் உருவாகிவிடும்.

பிரிட்டனில் 1936-ஆம் ஆண்டு 'பிராக் பெங்குவின்' என்ற பெயரில் இத்தகைய தொகுப்புகள் வெளிவந்தன. அவை செல்லுலோஸ் அசிடேட்டால் ஆனவை. நாளடைவில் வளைந்து நெளிந்துவிட்டன. பிற்காலத்தில் பாலிஸ்டைரீன் அந்த இடத்தைப் பிடித்தது. அங்கேயே 'ஏர்பிக்ஸ்' நிறுவனம் 1953-இல் ஸ்பிட்பயர் போர் விமானத்தின் மாதிரியை வெளியிட்டது. அதன் அளவு 72-இல் 1 பங்கு. ஏன் 72? ஆறு அடிக்கு 72 அங்குலம். ஆகவே ஆறடி மனிதன் ஓர் அங்குலமாகிவிடுவான். 11.23 மீட்டர் நீள இறக்கை விரிப்பு 15.6 செ.மீ. ஆகும்.

"எல்லா அளவுகளையும் 72-ஆல் வகுத்தால் போதுமே! இதில் என்ன கடினம்?" என்று நீங்கள் கேட்கலாம். வகுத்துத்தான் பாருங்களேன். விமானத்தில் 1 மி.மீ. கனமுள்ள தகடு ஒன்று இருந்தால், மாதிரியில் அது 0.014 மி.மீ. ஆகவேண்டும். இது தலைமயிரின் தடிமனைவிடக் குறைவு! இவ்வளவு மெல்லிய இடுக்கில் உருகிய பிளாஸ்டிக் நுழையுமுன் இறுகிவிடும். எனவே மாதிரியின் சுவர் ஏறத்தாழ 1 மி.மீ. கனமாக இருக்கும். அளவுப்படி பார்த்தால் அது 7 செ.மீ. கனமுள்ள தகடு! ஆக, மாதிரியை வடிவமைப்பவர் முழு உண்மையைச் சொல்ல முடியாது. எந்த இடத்தில் உண்மையை விட்டுக்கொடுக்கலாம் என்பதை அறிவதே அவருடைய கலை.

அறுபது டன் பிடி

பாலிஸ்டைரீன் மணிகளை எந்திரத்தில் இட்டு, 200 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்குகிறார்கள். அவை தேன்போல் இளகியதும், இரு பாதிகளாக அமைந்த எஃகு அச்சினுள் பேரழுத்தத்துடன் செலுத்துகிறார்கள். பிளாஸ்டிக் ஓடிச் சென்ற வாய்க்கால்களே, நீங்கள் வெட்டி எறியும் அந்தச் சட்டம்.

அச்சினுள் ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் 300 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை செயற்படுவதாகக் கொள்வோம். துண்டுகளின் மொத்தப் பரப்பு 200 சதுர செ.மீ. எனில், அச்சைப் பிளக்க முயலும் விசை 60,000 கிலோகிராம் எடைக்கு, அதாவது 60 டன் எடைக்குச் சமம். எந்திரம் அதைவிட வலுவாக அச்சை இறுக்கிப் பிடிக்காவிட்டால், இடுக்கு வழியே பிளாஸ்டிக் பிதுங்கிவிடும்.

அடுத்தது குளிர்தல். பிளாஸ்டிக் ஓர் அரிதிற் கடத்தி. குளிர ஆகும் நேரம், தடிமனின் இருமடிக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் இருக்கும். 1 மி.மீ. சுவரைவிட 3 மி.மீ. சுவருக்கு ஒன்பது மடங்கு நேரம் வேண்டும். அதன் வெளிப்புறம் முதலில் இறுக, உட்புறம் பின்னர் சுருங்கி, மேற்பரப்பை உள்ளே இழுத்துக் குழி உண்டாக்கும். விமானத்தின் உடலை ஒரே கட்டியாக வார்க்காமல், உள்ளீடற்ற இரு பாதிகளாக வார்ப்பது ஏன் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

குளிரும்போது பாலிஸ்டைரீன் சுமார் அரை விழுக்காடு சுருங்கும். ஆகவே அச்சையே அந்த அளவு பெரிதாகச் செய்கிறார்கள். 15.6 செ.மீ. நீளத்துக்கு இது ஏறக்குறைய 0.8 மி.மீ.

இட்டலித் தட்டு சொல்லும் பாடம்

இட்டலித் தட்டின் குழி, வாய்ப்புறம் அகன்று அடிப்புறம் குறுகியிருக்கிறது. அதனால் இட்டலி உடையாமல் வெளிவருகிறது. அதே மாவைக் கழுத்துக் குறுகிய சொம்பில் வேகவைத்தால் எப்படி முழுதாக எடுப்பது? மாதிரியின் பக்கங்களையும் இதே காரணத்துக்காக ஓரிரு டிகிரி சாய்வாக அமைக்கிறார்கள். சில தொகுப்புகளில், விமான உடலின் இரு பாதிகள் சேரும் விளிம்பருகே மேற்பரப்புக் கோடுகள் மங்கியிருப்பதைக் காணலாம். அச்சு திறக்கும் திசைக்குக் குறுக்கே ஆழமான கோடு இருந்தால் துண்டு சிக்கிக்கொள்ளும்; அதனால் நேர்ந்த விட்டுக்கொடுப்பு அது.

பழைய தொகுப்புகளில் தகடுகள் சேரும் கோடுகள் மேடாக இருக்கும். பிற்காலத் தொகுப்புகளில் பள்ளமாக இருக்கும். இதற்கும் அச்சே காரணம். எஃகில் பள்ளம் கீறுவது எளிது. அச்சின் பள்ளம் மாதிரியில் மேடாகும். மாதிரியில் பள்ளம் வேண்டுமானால், அச்சில் மெல்லிய வரப்பை விட்டுவைத்து, சுற்றியுள்ள எஃகு முழுவதையும் குறைக்கவேண்டும்! மின்பொறியால் எஃகை அரிக்கும் முறை இதை எளிதாக்கியது. செம்பு அல்லது கிராபைட்டில் மாதிரியின் வடிவத்தையே செய்து, அதில் கோடுகளைக் கீறுகிறார்கள். அதை மின்வாயாக்கிப் பொறி பறக்கவிட்டால், எஃகில் வரப்புடன் கூடிய குழி தானே அமைகிறது. ஆனாலும் 0.1 மி.மீ. அகலக் கோடு, உண்மையான விமானத்தில் 7 மி.மீ. இடைவெளிக்குச் சமம் என்பதை மறவாதீர்கள்.

ஜப்பானியத் தாமியா நிறுவனம் 1976-இல் போர்ஷே 934 பந்தயக் காரின் மாதிரியை வெளியிட்டது. அதற்காக ஷுன்சாகு தாமியா ஒரு போர்ஷே 911 காரை விலைக்கு வாங்கி, பிரித்தே பார்த்துவிட்டார்! உண்மையை முற்றும் அறிந்தவர்தாம், அதை எங்கே மாற்றலாம் என்று துணிய முடியும்.

இன்று லேசர் கதிரும் கணிப்பொறியும் அளவெடுக்க உதவுகின்றன. ஆனால் குளிரும் பிளாஸ்டிக் தன் விதிகளை மாற்றிக்கொள்ளவில்லை. உங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் குவளையைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் நடுவே சிறு புள்ளி தெரிகிறதா? பிளாஸ்டிக் நுழைந்த வாயில் பெரும்பாலும் அதுதான். பக்கங்கள் சாய்ந்திருக்கின்றனவா? சுவர் எங்கும் ஒரே கனமா? காரணங்களை இனி நீங்களே சொல்லிவிடுவீர்கள்.